கணினியின் தலைமைச் சாவி

ஜொகூர் மாநிலத்தின் சாஆ வட்டாரத்தில் செம்பனைத் தோட்டங்கள் பல உள்ளன. ஒரு தோட்டத்து உரக்கிடங்கின் சாவியை எல்லாரிடமும் கொடுத்துவிட முடியுமா? பொறுப்பாளரிடமே அது இருக்கும். கணினியிலும் அத்தகைய சாவி ஒன்று உண்டு. அதுவே நிருவாகி உரிமை.

கட்டுரை எழுதவும் இணையத்தில் உலவவும் சாதாரணப் பயனர் உரிமையே போதும். கணினியின் அமைப்புக் கோப்புகளை மாற்றுவதற்கு நிருவாகி உரிமை தேவை. 1980ஆம் ஆண்டுவாக்கில் அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் பாப் காக்சால், கிளிஃப் ஸ்பென்சர் ஆகிய இருவரும் ‘சூடூ’ என்னும் கட்டளையை உருவாக்கினர். தேவைப்படும் கட்டளைக்கு மட்டும் உயர் உரிமை வழங்க அது வழிவகுத்தது. பின்னர், 2007இல் பொதுமக்களுக்கு வெளியிடப்பட்ட விண்டோஸ் விஸ்டா, கணினியில் மாற்றம் செய்யுமுன் பயனரின் அனுமதியைக் கேட்கத் தொடங்கியது.

பல கட்டளைகளை வரிசையாக எழுதிச் சேமித்த கோப்பே கட்டளைக் கோப்பு. அதை இயக்கினால், கணினி வரிவரியாக எல்லா வேலைகளையும் தானே செய்து முடிக்கும். நேரம் மிச்சமாகும். ஆனால், அக்கோப்பை நிருவாகியாக இயக்கும்போது, அதிலுள்ள ஒவ்வொரு வரிக்கும் அவ்வுரிமை கிடைத்துவிடுகிறது. அது தொடங்கிவைக்கும் மற்றச் செயலிகளுக்கும் அவ்வுரிமை செல்கிறது. அவற்றுள் ஒன்று தீய செயலியானால், வேலியே பயிரை மேய்ந்தாற்போல் ஆகிவிடும்.

தீய நோக்கம் இல்லாவிட்டாலும் கேடு விளையலாம். விண்டோசில் ஒரு கட்டளைக் கோப்பை வலச்சொடுக்கி நிருவாகியாக இயக்கினால், அது பொதுவாகத் தான் இருக்கும் கோப்புறையில் தொடங்காது. விண்டோசின் அமைப்புக் கோப்புறையில் தொடங்கும். ‘இங்குள்ள கோப்புகளை அழி’ என்று ஒரு வரி இருந்தால், ‘இங்கு’ என்பது எந்த இடம்? கோப்புறையின் முழு முகவரியை எழுதாவிட்டால், குப்பையை அழிக்கச் சென்ற கட்டளை கணினிக்குத் தேவையான கோப்புகளையே தாக்கக்கூடும்.

எனவே, மாணவர்களே, கட்டளைக் கோப்பை இயக்குமுன் ஒவ்வொரு வரியையும் படியுங்கள். புரியாத வரி இருந்தால், ஆசிரியரிடம் கேளுங்கள். உயர் உரிமை வேண்டிய வேலையைத் தனிக் கோப்பாகப் பிரித்து வையுங்கள். பள்ளிக் கணினியில் அனுமதி பெற்றே செயல்படுங்கள். பிறர் கணினியில் அனுமதியின்றி நுழைவது மலேசியாவின் 1997ஆம் ஆண்டுக் கணினிக் குற்றச் சட்டப்படி குற்றமாகும். அனுமதி கேட்கும் பெட்டி திரையில் தோன்றும்போது, ‘ஆம்’ என்று அழுத்துமுன் எந்தச் செயலி கேட்கிறது, எதற்காகக் கேட்கிறது என்று சிந்தியுங்கள். சாவியைக் கொடுப்பவர் நீங்களே.