கணக்குக்குப் பெயர் வைப்பது எப்படி?

நம் வீடுகளில் வரவு செலவு நோட்டு எழுதுகிறார்கள். ஆனால் மாசக் கடைசியில் "பணம் எங்கே போச்சு?" என்று கேட்டால் நோட்டு பதில் சொல்வதில்லை. காரணம், கணக்குகளுக்குச் சரியான பெயர் இல்லாததுதான். பதினொன்றாம் வகுப்பில் கணக்குப்பதிவியல் படிக்கும் என் பெரியம்மா மகள் அக்கா எனக்குச் சொல்லிக் கொடுத்ததை இங்கே எழுதுகிறேன்.

ஒவ்வொரு பணமும் ஓரிடத்திலிருந்து வந்து இன்னோரிடத்துக்குப் போகிறது. ஆகவே இரண்டு இடத்திலும் எழுத வேண்டும். இதுவே இரட்டைப் பதிவு முறை. இத்தாலி நாட்டுத் துறவியும் கணித ஆசிரியருமான லூக்கா பசியோலி, 1494-இல் வெனிஸ் நகரில் அச்சான தம் கணித நூலில் இதை விளக்கினார். அங்குள்ள வியாபாரிகள் அதற்கு முன்பே இப்படி எழுதி வந்தார்கள்.

வீட்டுக் கணக்குக்கு நான்கு பிரிவு போதும்.

1. இருப்பு: கைரொக்கம், தபால் ஆபீஸ் சேமிப்பு
2. கடன்: கடை பாக்கி, குழுக் கடன்
3. வருமானம்: கூலி, பால்
4. செலவு: மளிகை, தீவனம், வட்டி

இனி பெயர் வைக்கும் விதிகள்.

விதி 1: பெயரைப் பார்த்ததும் பிரிவு தெரிய வேண்டும். "கடை" என்று மட்டும் எழுதினால் குழப்பம். 450 ரூபாய்க்குச் சாமான் கடனாக வாங்கினால் "மளிகை" 450, "கடை பாக்கி" 450 என்று எழுதணும். பிறகு பாக்கியைக் கொடுக்கும்போது கடை பாக்கி குறையும், கைரொக்கமும் குறையும். அது மறுபடியும் செலவு ஆகாது.

விதி 2: அசலையும் வட்டியையும் பிரிக்க வேண்டும். குழுவுக்கு 1,100 ரூபாய் கட்டினோம், அதில் வட்டி 100 என்று வைத்துக்கொள்வோம். செலவு 100 மட்டுமே. மீதி 1,000 நம் கடனைக் குறைக்கிறது.

விதி 3: ரொம்பப் பெயர் வேண்டாம். கத்தரிக்காய்க்கு ஒன்று, தக்காளிக்கு ஒன்று வேண்டாம், "காய்கறி" போதும். ஆனால் "இதர செலவு" பெருத்துப் போனால் அதைப் பிரித்துப் புதுப் பெயர் வைக்கணும்.

விதி 4: ஒரே பெயரையே கடைசிவரை எழுத வேண்டும். ஒரு மாசம் "மளிகை", மறு மாசம் "பலசரக்கு" என்றால் கூட்ட முடியாது.

விதி 5: எந்தக் கேள்விக்குப் பதில் வேண்டுமோ, அதற்குத் தனிப் பெயர் வேண்டும். இதுதான் முக்கியம்.

எங்கள் வீட்டில் மாட்டை விற்றுவிடலாம் என்று பேச்சு நடந்தது. தீவனம் வாங்கியது மட்டும்தான் நோட்டில் இருந்தது. பால் பணம் வந்த கையோடு கடை பாக்கிக்குப் போய்விடும், அதை யாரும் எழுதவில்லை. அதனால் "மாட்டால நஷ்டம்தான்" என்றார் அப்பா. நான் "பால் வருமானம்", "மாட்டுத் தீவனம்", "மாட்டு வைத்தியம்" என்று மூன்று பெயர் வைத்து ஒரு மாசம் எழுதினேன். பால் 5,400. தீவனம் 3,100. வைத்தியம் 300. மீதி 2,000 ரூபாய்!

"மாடு வத்திப் போனா அந்த மாசங்கள்ல பால் இருக்காதே, தீவனம் மட்டும் போடணுமே?" என்று அம்மா கேட்டாங்க. நியாயமான கேள்வி. ஒரு மாசக் கணக்கை வைத்து முடிவு எடுக்கக் கூடாது. கன்று போட்டதிலிருந்து அடுத்த கன்று வரை எழுதினால்தான் உண்மை தெரியும். "அதுவரைக்கும் எழுது, பிறகு பார்க்கலாம்" என்று அப்பா சொல்லிவிட்டார். மாடு இப்போது தொழுவத்தில்தான் நிற்கிறது.

நண்பர்களே, இதற்குக் கம்ப்யூட்டர் தேவையில்லை. 40 பக்க நோட்டும் ஒரு பேனாவும் போதும். இன்றே உங்கள் வீட்டுக் கணக்குக்குப் பெயர் வைத்துப் பாருங்கள்.

யோசிக்க ஒரு கேள்வி: மாசம் 500 ரூபாய் சீட்டுக் கட்டுகிறோம். இது நான்கு பிரிவில் எதில் சேரும்? செலவு என்று அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள்! விடை அடுத்த இதழில்.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி