மல்லாட்டை சொல்லும் பாடம்

(இரண்டாம் ஆண்டு, இளங்கலை வேதியியல் மாணவன், மேல்பட்டாம்பாக்கம்)

மல்லாட்டை என்று நம் பக்கத்தார் அழைக்கும் நிலக்கடலை எங்கள் கொல்லையில் விளைகிறது. விளைந்ததெல்லாம் மூட்டையாகிக் கமிட்டிக்குப் போய்விடும். வீட்டுக்கு வேண்டிய எண்ணெயைக் கடையில் கால் லிட்டராகத்தான் வாங்குவோம். வகுப்பில் லிப்பிடுகள் பற்றிய பாடம் நடந்த அன்று மாலை, தந்தையார் கையைக் கழுவிக்கொண்டே கேட்டார்: "ஏம்பா, எண்ணெய்ப் பிசுக்கு வெறும் தண்ணியில ஏன் போகமாட்டேங்குது? படிக்கிற புள்ளதானே, சொல்லு." சூத்திரம் எழுதத் தெரிந்த எனக்கு அவருக்குப் புரியும்படி சொல்லத் தெரியவில்லை. அந்த வெட்கத்தில் பிறந்ததே இக்கட்டுரை.

லிப்பிடு என்பது யாது?

நீரில் கரையாமல், ஈதர், குளோரோபார்ம் போன்ற கரைப்பான்களில் கரையும் உயிர்ப்பொருள்களே லிப்பிடுகள். எண்ணெய், நெய், மெழுகு, கொலஸ்டிரால் யாவும் இக்குடும்பமே. நீர் மூலக்கூறுக்கு நேர், எதிர் மின்முனைகள் உண்டு. எண்ணெயின் நீண்ட கார்பன் சங்கிலிக்கு அவை இல்லை. ஆகவே நீர் தன் இனத்தோடு சேர, எண்ணெய் ஒதுங்குகிறது. சோப்புக்கு இரு குணமும் இருப்பதால் அது பிசுக்கை நீரோடு இழுத்துச் செல்கிறது.

அமைப்பு

கிளிசரால் மூலக்கூறுக்கு மூன்று கைகள் எனக் கொள்வோம். ஒவ்வொரு கையிலும் ஒரு கொழுப்பு அமிலம் எஸ்டர் பிணைப்பால் இணைந்தால் அது டிரைகிளிசரைடு. தேங்காயெண்ணெயில் நிறைவுற்ற அமிலங்களே மிகுதி. அவற்றின் சங்கிலிகள் நேராக நெருங்கி அடுங்குவதால் மார்கழிக் குளிரில் அது உறைகிறது. மல்லாட்டை எண்ணெயில் மிகுந்த ஒலியிக் அமிலத்துக்கு 18 கார்பன்கள். நடுவே ஓர் இரட்டைப் பிணைப்பு. அங்கே சங்கிலி வளைவதால் நெருங்கி அடுங்க இயலாது; எண்ணெய் நீர்மமாகவே நிற்கிறது.

பணிகள்

முதலாவது, ஆற்றல் சேமிப்பு. மல்லாட்டைப் பருப்பின் எடையில் ஏறத்தாழப் பாதி எண்ணெய். ஒரு கிராம் மாவுப்பொருள் 4 கிலோ கலோரி தர, கொழுப்பு 9 தருகிறது. முளை இலைவிட்டுத் தானே உணவு சமைக்கும் வரை இதுவே அதன் கட்டுச்சோறு.

இரண்டாவது, செல்லின் சவ்வு. மூன்று கைகளில் ஒன்றில் பாஸ்பேட் தொகுதி அமர்ந்தால் அது பாஸ்போலிப்பிடு. அதன் தலை நீரை நாடும். வால்கள் நீரை வெறுக்கும். எனவே வால்களை உள்ளே மறைத்து இரு வரிசையாக நின்று செல் சவ்வாகின்றன. இச்சவ்வு அசையும் திரவம் போன்றது என்ற மாதிரியை 1972இல் சிங்கரும் நிக்கல்சனும் வெளியிட்டனர்.

மூன்றாவது, காவல். சேப்பங்கிழங்கு இலையில் நீர் ஒட்டாமல் உருள்வதற்கு மெழுகும் ஒரு காரணம். நெய்வேலியில் வெட்டுவது போன்ற பழுப்பு நிலக்கரி பழங்காலத் தாவரங்களிலிருந்து உருவானது. அவற்றின் மெழுகு மக்காமல் பழுப்பு நிலக்கரியில் தங்கியிருக்கிறது. மாண்டன் மெழுகு என அதைப் பிரித்தெடுக்கிறார்கள்.

நான்காவது, துணை. கொலஸ்டிராலிலிருந்தே பித்த உப்புகளும் பாலின ஹார்மோன்களும் உண்டாகின்றன. வைட்டமின் ஏ, டி, ஈ, கே ஆகியவை கொழுப்பில்தான் கரையும்.

வீட்டில் கண்டது

என் தம்பிக்குச் சிறுவயதில் பொழுது சாய்ந்தால் கண் மங்கியது. முருங்கைக்கீரை நல்லதென்று அம்மா தினமும் வேகவைத்துக் கொடுத்தார். எண்ணெய் மிச்சமாகட்டும் என்று தாளிக்கவில்லை. கீரையின் கரோட்டின் உடலில் சேரக் கொழுப்பு வேண்டும் என்பது எங்களில் எவருக்கும் தெரியாது. 1970இல் இந்திய அரசு தொடங்கிய திட்டத்தின்படி குழந்தைகளுக்குத் தரப்படும் வைட்டமின் ஏ மருந்தும் எண்ணெயில் கரைத்ததே. அது கொடுத்த பின்புதான் தம்பி தேறினான்.

முடிவுரை

அளவு மீறினால் கொழுப்பு கேடு என்பது உண்மை. வனஸ்பதி போன்றவற்றிலுள்ள டிரான்ஸ் கொழுப்பு இதயத்துக்குத் தீங்கு என்பதால், 2022 முதல் எண்ணெய், கொழுப்பு வகைகளில் அதை 2 விழுக்காட்டுக்குள் அடக்கியிருக்கிறது நம் நாட்டுச் சட்டம். ஆயினும் கொழுப்பே இல்லாத உடல் இல்லை. இந்த அறுவடையில் தந்தையார் ஒரு மூட்டை மல்லாட்டையை வீட்டுக்கென நிறுத்திவைத்தார். நான் பெற்ற மதிப்பெண்களைவிட அம்மூட்டையே எனக்குப் பெருமை.