தாளிலிருந்து திரைக்கு வந்த நிலப்படம்

பரந்த நிலத்தைச் சுருக்கி, திசையும் தொலைவும் பிறழாது காட்டுவது நிலப்படம். நெடுங்காலம் தாளில் வாழ்ந்த இது இன்று கைப்பேசித் திரையில் வாழ்கின்றது. இம்மாற்றத்தை ஈண்டுக் காண்போம்.

முன்னாளில் நில அளவை கடும் உழைப்பாகும். 1802-ஆம் ஆண்டில் வில்லியம் லாம்டன் என்பார், சென்னைப் பரங்கிமலைக்கு அருகே நூறு அடி எஃகுச் சங்கிலியால் ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள கோடு ஒன்றை அளந்தார். அதன் இரு முனைகளிலும் நின்று தொலைவிலுள்ள ஒரு குறியை நோக்கிக் கோணங்களை அளந்தால், சங்கிலி இழுக்காமலே அதன் தொலைவைக் கணக்கிடலாம். இவ்வாறு முக்கோணங்களை அடுத்தடுத்து இணைத்தே இந்தியா அளக்கப்பட்டது.

இன்று ஏறத்தாழ 20,000 கிலோமீட்டர் உயரத்தில் செயற்கைக்கோள்கள் வலம் வருகின்றன. அவற்றுள் குறைந்தது நான்கு அனுப்பும் வானொலி அலைகள் வந்து சேரும் நேரத்தைக் கொண்டு, நாம் நிற்கும் இடத்தைக் கைப்பேசி கணித்துவிடுகின்றது.

இலக்கவியல் நிலப்படத்தில் சாலை, ஆறு, கட்டடம் ஆகியன தனித்தனி அடுக்குகளாக உள்ளன. நம் பாயான் பாரு, பினாங்கு மேம்பாட்டுக் கழகம் 1970-களில் உருவாக்கிய நகரம். அதற்கு முன் அச்சான படத்தில் இந்நகரைக் காண இயலாது. 1985-இல் பினாங்குப் பாலமும், 2014-இல் பத்து மாவுங்கை அடையும் இரண்டாம் பாலமும் திறக்கப்பட்டன. தாளில் இருந்தால் படத்தையே மீண்டும் அச்சிட வேண்டும்; திரையிலோ உரிய அடுக்கைத் திருத்தினால் போதும்.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. செயற்கைக்கோள் கூரையைக் காணும். அவ்விடத்தின் பெயரை அறியாது. தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயன் வீடுகளும் கோயிலும் பள்ளியும் எங்கிருந்தன என்பதை அங்கு வாழ்ந்தோரே அறிவர். படத்தில் இல்லாத சந்தைத் தேடி மருத்துவ வண்டி அலைய நேரிடும். 2004-இல் தொடங்கப்பெற்ற ஓப்பன் ஸ்திரீட் மேப் போன்ற படங்களில் பொதுமக்களும் தத்தம் ஊர் விவரங்களைச் சேர்க்கலாம்.

ஆகவே பெற்றோர்களே, தோட்டத்துப் பெரியோர்களே! நீங்கள் அறிந்த இடப்பெயர்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். மாணவர்களே! அவற்றை எழுதி வையுங்கள். தாள் படத்தில் திசையும் அளவுகோலும் பார்க்கப் பழகுங்கள். மின்கலம் தீர்ந்த வேளையில் அக்கல்வியே வழிகாட்டும். கருவி மாறலாம், நம் ஊரை நாமே அறிந்திருக்கும் கடமை என்றும் மாறாது.