குழுவாய்க் கற்றல்: கடற்பசுவின் வரவு செலவு

சென்ற மாதம் நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் கணக்குகளை ஆய்வு செய்து முடித்து எழுந்தபோது, அங்கத்தினர் ஒருவர் நோட்டுப் புத்தகத்துடன் நம்மிடம் வந்தார். "ஐயா, என் மகள் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள். அழிந்துவரும் கடல் விலங்கு ஒன்றைப் பற்றி ஐந்து பிள்ளைகள் கூடி ஆராய்ந்து எழுத வேண்டுமாம். எழுதுகிறவள் இவள் ஒருத்தி. பெயர்கள் மட்டும் ஐந்து. இது நியாயமா?" என்று கேட்டார்.

நோட்டைப் புரட்டிப் பார்த்தோம். ஆவுளியா என்னும் கடற்பசுவைப் பற்றிப் பத்துப் பக்கங்கள் இருந்தன. கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. ஆனால் "இவ்விலங்கு ஏன் குறைகிறது?" என்ற வினாவிற்கு, "மனிதனின் பேராசையால்" என்ற ஒரே விடைதான் எழுதப்பட்டிருந்தது. சங்கம் ஏன் நட்டமடைந்தது என்று கேட்டால், "காலம் கெட்டுவிட்டது" என்று செயலாளர் எழுதிக் கொடுப்பதை இது ஒக்கும். ஒருத்தியே பத்துப் பக்கமும் எழுத நேர்ந்தால், எதையும் ஆழ்ந்து பார்க்க அவளுக்கு நேரமேது?

சேலை ஒருவர் உழைப்பால் உருவாவதில்லை. பாவு ஓடுபவர், தார் சுற்றுபவர், தறியில் அமர்பவர் எனப் பலர் கை அதில் உண்டு. ஆகவே ஐவருக்கும் ஐந்து வினாக்களைப் பங்கிட்டுக் கொடுத்தோம். அவை நம் அங்கத்தினர்க்கும் பயன்படும் என்பதால் இங்குத் தருகிறோம்.

1. அஃது எத்தகைய விலங்கு? மீன் அன்று, கன்றுக்குப் பாலூட்டும் விலங்கு. மூச்சுவிடச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை நீர்மட்டத்திற்கு வந்தாக வேண்டும். நிலத்தில் இதன் நெருங்கிய உறவு யானை.

2. எங்கு வாழ்கிறது, எதை உண்கிறது? இந்தியாவில் பாக் நீரிணை, மன்னார் வளைகுடா, கட்சு வளைகுடா, அந்தமான் நிக்கோபார் தீவுகள் ஆகிய இடங்களில் உள்ளது. ஆழமற்ற கடலடியில் விளையும் கடற்புல்லே இதன் தீவனம். கடற்புல் பாசியன்று, பூத்துக் காய்க்கும் பயிர். மீன் குஞ்சுகளும் இறால்களும் வளர்வது அப்புல்வெளியில்தான்.

3. எவ்வாறு பெருகுகிறது? நம் வீட்டுப் பசு ஒன்பது மாதத்தில் கன்று ஈனும். கடற்பசுவோ ஓராண்டுக்கு மேல் சினையாயிருந்து ஒரே கன்றை ஈனும். அடுத்த கன்றுக்கு மூன்று முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். எழுபது ஆண்டு வரை வாழக்கூடியதாயினும் இதன் பெருக்கம் மிக மெதுவானது.

4. எவ்வாறு மடிகிறது? முன்னாளில் இறைச்சிக்காக வேட்டையாடினர். இன்று வலையில் சிக்கினால் மேலே வந்து மூச்சுவிட இயலாமல் இறக்கிறது. இழுவை மடிகள் கடற்புல்லைக் கிழிக்கின்றன. படகுகள் மோதியும் மடிகிறது.

5. என்ன காப்பு உண்டு? 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதன் வேட்டையைத் தடுக்கிறது. 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு, தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக் நீரிணையில் 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. வலையில் அகப்பட்டதை உயிருடன் விடுவித்த மீனவர்கள் பாராட்டுப் பெற்றுள்ளனர்.

இனி, ஐவரும் ஒருங்கே அமர்ந்து செய்ய வேண்டிய கணக்கைக் காண்போம். எல்லா வசதியும் வாய்த்தாலும், இயற்கைச் சாவு போக, கடற்பசுக் கூட்டம் ஆண்டுக்கு நூற்றுக்கு ஐந்துக்கு மேல் பெருகாது என்பது அறிஞர் துணிபு. ஒரு கூட்டத்தில் 100 உருப்படிகள் உள்ளன என்று கொள்வோம். ஆண்டு வரவு 5. வலையிலும் படகிலும் 6 மடிந்தால் செலவு 6. ஆண்டு முடிவில் இருப்பு 99. ஒன்றுதானே குறைந்தது என்று தோன்றும். ஆனால் முதல் குறையக் குறைய வட்டியும் குறையும், செலவோ குறையாது. சேமநிதியை எடுத்துச் செலவழிக்கும் சங்கத்தின் கதி இதுவே. பேராசைக்காரர் ஒருவரும் இல்லாமலேயே, வயிற்றுப்பாட்டுக்கு வலை வீசும் நல்லவர் நடுவிலேயே, ஓரினம் கரைந்துபோகலாம். வட கடலில் வாழ்ந்த ஸ்டெல்லர் கடற்பசு 1741இல் அறிஞர் பார்வைக்கு வந்தது. 1768க்குள் வேட்டையால் ஒன்றும் எஞ்சவில்லை. இருபத்தேழு ஆண்டுகளே!

இக்கணக்கு தெரிந்தவர்க்கு வழியும் தெரியும். ஆண்டில் இரண்டு சாவுகளைத் தவிர்த்தால் 6 என்பது 4 ஆகும். குறைவு பெருக்கமாக மாறும். ஆதலின் வலையிலிருந்து விடுவிக்கப்படும் ஒவ்வொரு கடற்பசுவும் பேரேட்டில் ஒரு வரவே.

இம்மாதம் அவ்வூர் சென்றபோது நோட்டை மீண்டும் கண்டோம். ஐந்து கையெழுத்துகள் இருந்தன. அவற்றுள் இரண்டு கோணலானவை. ஒருத்தி எழுதியதை மற்றொருத்தி சரிபார்த்துத் திருத்தியிருந்தாள். முன்பு பெயர் மட்டும் கொடுத்திருந்த ஒரு பெண்தான் வரவு செலவுக் கணக்கைப் போட்டிருந்தாள். "ஏன் குறைகிறது?" என்பதற்கு அவள் எழுதிய விடை: "வரவு 5, செலவு 6." அவ்வரிக்கு நேரே நாம் சிவப்பு மையினால் ஒரு சரி போட்டோம்.

கல்வி வட்டத்தில் விவாதிக்க:

அ. நம் சங்கத்தில் பெயர் மட்டும் கொடுத்துள்ள அங்கத்தினர்க்கு எவ்வேலையைப் பங்கிட்டுக் கொடுக்கலாம்?

ஆ. நம் ஊர்க் குளம், மேய்ச்சல் நிலம் ஆகியவற்றில் ஆண்டு வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு?