பிக்கப் வண்டியின் இழுவைக் குறைவு: காரணமும் பரிகாரமும்

கண்டியைச் சூழவுள்ள மாறசனை, ஹங்குரன்கெத்த முதலிய இடங்களில் விளையும் மரக்கறிகளைச் சந்தைக்குக் கொண்டுசெல்லப் பிக்கப் வண்டி பெரிதும் உதவுகின்றது. 1999ஆம் ஆண்டு திறக்கப்பட்ட தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையம் கண்டி நகரிலிருந்து ஏறத்தாழ 72 கிலோமீற்றர் தொலைவிலுள்ளது. வண்டி வழியிற் பிந்தினால் மரக்கறி வாடும்; விலையும் இறங்கும். கடுகண்ணாவை ஏற்றத்தில் முன்செல்லும் பஸ்ஸைக் கடக்க முனையும்போது, அக்சிலறேற்றரை மிதித்தும் வண்டி உடனே வேகங்கொள்ளாவிடின் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

இத்தகைய குறை தோன்றியதும் டீசல் பம்பைக் கழற்றிப் பெருஞ்செலவு செய்யும் கமக்காரர் பலர். பெரும்பாலான சந்தர்ப்பங்களில் அது வேண்டுவதில்லை. டீசல் எஞ்சினுக்குப் போதிய காற்று வேண்டும். தூய எரிபொருள் வேண்டும். பிறந்த சக்தி சில்லுகளைச் சென்றடைதல் வேண்டும். இம்மூன்றில் எது குறைந்ததென அறிந்த பின்னரே எதனையும் கழற்றுதல் வேண்டும்.

இயல்பும் குறையும்

டர்போ பொருத்திய எஞ்சின், குறைந்த சுழற்சியில் ஓடும்போது மிதித்தவுடன் சிறிது தாமதித்தே சக்தி கொடுக்கும். வெளியேறும் புகை டர்போவின் சுழலியை வேகமாகச் சுழற்றிய பின்னரே அதிக காற்று உட்புகும். இது குறையன்று, ஏற்றத்துக்கு முன்னரே கியரைக் குறைத்தல் போதும். கண்டி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்திலும், நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலும் உள்ளன. நுவரெலியாவிற் காற்றமுக்கம் கடல்மட்டத்திலும் ஐந்தில் ஒரு பங்கு குறைவாதலால், டர்போ இல்லாத வண்டி அங்கு இழுவை குன்றுவது இயல்பே. முன்னர் அதே பாரத்துடன், அதே கியரில் ஏறிய ஏற்றத்தில் இப்போது வண்டி திணறுமாயின் அது குறையென்று கொள்ளலாம்.

புகையைக் கொண்டு அறிதல்

ஒருவர் வண்டியை ஏற்றத்திற் செலுத்த, மற்றொருவர் பாதையோரத்தில் நின்று புகையைக் கவனித்தல் வேண்டும்.

1. கரும்புகை மிகுந்து இழுவை குறைந்தால் காற்றுப் போதவில்லை என்பது பெரும்பாலும் பொருந்தும். முதலில் எயார் பில்டர் எனப்படும் காற்று வடிகட்டியைத் திறந்து பார்த்தல் வேண்டும். சூடடிக்கும் காலத்தில் களத்தருகே நிற்கும் வண்டியின் வடிகட்டியை வைக்கோற்றூளும் பதரும் விரைவில் அடைத்துவிடும். காகித வடிகட்டியை நீரிற் கழுவுதல் ஆகாது. மெல்லத் தட்டித் தூசியை உதிர்த்தல் வேண்டும். கிழிந்திருந்தாலும் எண்ணெய் பட்டிருந்தாலும் புதியதை இடுதல் வேண்டும். அடுத்து, டர்போவிலிருந்து எஞ்சினுக்குச் செல்லும் றப்பர்க் குழாய்களிலே வெடிப்போ, தளர்ந்த பிடியோ உண்டோவெனப் பார்த்தல் வேண்டும். ஏறும்போது சீறும் ஒலி கேட்பதும், குழாய் மூட்டில் எண்ணெய்க் கசிவு காணப்படுவதும் இதற்கு அடையாளம்.

2. புகை மிகாமல் எஞ்சின் சோர்ந்தால் எரிபொருள் போதவில்லை எனலாம். டீசல் வடிகட்டி அடைபட்டிருக்கும். அல்லது நீர் சேர்ந்திருக்கும். 2022ஆம் ஆண்டு எரிபொருட் தட்டுப்பாட்டின்போது டீசலைக் கலன்களிற் சேமித்துவைக்கும் நிலை பலருக்கு ஏற்பட்டது. அவ்வாறு வைத்த டீசலில் நீரும் அழுக்கும் சேர்தல் எளிது. எஞ்சினை நிறுத்தி, வடிகட்டியின் அடியிலுள்ள திருகைத் தளர்த்திச் சிறிது டீசலைக் கண்ணாடிப் போத்தலில் எடுத்துச் சிறிது நேரம் வைத்தால் நீர் அடியிற் பிரிந்து நிற்கும். நீர் தீரும்வரை வடித்துத் திருகை இறுக்கிய பின், கைப்பம்பு உள்ள வண்டியில் அது இறுகும்வரை அமுக்குதல் வேண்டும். வடித்த டீசலை வாய்க்காலிலோ வயலிலோ ஊற்றுதல் ஆகாது.

3. எஞ்சின் இரைந்து சுழன்றும் வண்டி விரையாவிடின் கிளச்சு வழுக்குகின்றது. எரிந்த மணமும் எழும். கிளச்சு மிதியின் விளையாட்டு இடைவெளியைச் சரிசெய்தும் தீராவிடின் கிளச்சுத் தட்டை மாற்றுதல் வேண்டும்.

4. சிறிது தூரம் ஓடியபின் ஒரு சில்லு மட்டும் மிகச் சூடாயிருப்பின் அதன் பிரேக் பிடித்து நிற்கின்றது எனக் கருதலாம். சூடு இருப்பதைச் சில்லின் அருகே கையைக் கொண்டுசென்று அறிதல் வேண்டும். இரும்பைத் தொடுதல் ஆகாது.

எளிதில் மறக்கப்படுவன

மிதியின் கீழ் விரிப்பு மடிந்து கிடத்தல், ரயரிற் காற்றுக் குறைவு, அளவுக்கு மிஞ்சிய பாரம் ஆகியனவும் இதே குறையைத் தோற்றுவிக்கும். பழைய வண்டியில் அக்சிலறேற்றர்க் கம்பி தளர்ந்திருக்கலாம். புதிய வண்டியில் மிதியின் அசைவை மின்கருவி எஞ்சினுக்கு அறிவிக்கும். அது பழுதுபட்டால் எச்சரிக்கை விளக்கு எரிந்து, எஞ்சின் தானே சக்தியைக் குறைத்துக்கொள்ளலாம். அப்போது கணினி மூலம் சோதிக்கும் வசதியுள்ள வேலைத்தளத்தை நாடுதல் வேண்டும்.

எச்சரிக்கை

எஞ்சின் ஓடும்போது டீசல் செலுத்தும் உயரமுக்கக் குழாய்களைத் தளர்த்துதல் கூடாது. அவற்றிலிருந்து பாயும் டீசல் தோலைத் துளைத்து உட்புகும். அவ்வாறு நேரின், காயம் சிறிதாகத் தோன்றினும் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும்.

அறுவடைக்கு முன்னரே வடிகட்டிகளையும் குழாய்களையும் பார்த்துவைக்கும் கமக்காரருடைய வண்டி பாரத்துடன் ஏற்றத்தில் நின்றுவிடுதல் அரிது. குறை தீரும்வரை பாரம் ஏற்றி மலைப்பாதையில் மற்றொரு வண்டியைக் கடக்க முயலாதிருத்தலே அறிவுடைமை.