குட்டியை வாங்குமுன் தாயைக் காண்க



இல்லத்தில் நாய் வளர்க்கும் வழக்கம் நம் ஊர்களுக்குப் புதியதன்று. வயலையும் களத்தையும் காக்க நாய் வளர்த்தவர்கள் நம் முன்னோர். அக்காலத்தில் பெரும்பாலும் எவரும் குட்டியை விலைகொடுத்து வாங்கியதில்லை. அடுத்த தெருவில் நாய் ஈன்றது எனக் கேள்வியுற்றால், குட்டி பால் மறக்கும்வரை காத்திருந்து, ஒன்றைக் கேட்டு எடுத்து வருவர். கொடுப்பவரையும் தெரியும், தாய் நாயையும் தெரியும்.

இன்று நகரங்களில் வாழும் நம் குடும்பங்கள் பலவும், பிள்ளைகளின் விருப்பத்திற்கு இணங்கி, லேப்ரடார், பக், ராஜபாளையம் என்று இனம் குறித்துக் குட்டிகளை விலைக்கு வாங்குகின்றன. விற்பவர் யாரென்று தெரிவதில்லை. தாய் எங்கே இருக்கிறதென்றும் தெரிவதில்லை. இந்த அறியாமையையே முதலாக வைத்துச் சிலர் வணிகம் செய்கின்றனர். நாய்களைக் கண்ணுங்கருத்துமாகப் பேணி, நேர்மையாக இனவிருத்தி செய்வோரும் உளர். அவர்களைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. நல்லவரையும் தீயவரையும் வேறுபிரித்து அறிவது எவ்வாறு, தீயவரிடம் எவ்வாறு நடந்துகொள்வது என்பதே இக்கட்டுரையில் நாம் பயில எடுத்துக்கொண்ட பொருள்.

தீய வணிகத்தின் இயல்பு

நாயின் கருக்காலம் ஏறத்தாழ 63 நாட்கள். பெட்டை நாய் பெரும்பாலும் ஆண்டிற்கு இருமுறை பருவத்திற்கு வருகிறது. நல்ல வளர்ப்பாளர் ஓர் ஈற்றுக்குப் பின் தாயின் உடல் தேறும்வரை பொறுத்திருப்பார். பொருளொன்றே குறியானவரோ ஒவ்வொரு பருவத்தையும் வருவாயாகக் கருதி, தேறாத உடலை மீண்டும் கருவுறச் செய்வார். அந்த நாய் கூண்டிலேயே ஈன்று, கூண்டிலேயே பாலூட்டி, கூண்டிலேயே முதுமை அடைகிறது. அதனை வாங்குவோர் எவரும் காண்பதில்லை.

குட்டிகள் மூன்று, நான்கு வாரம் வரை தாய்ப்பாலையே நம்பி வளர்கின்றன. அதுவரை அவற்றை வளர்க்கும் செலவைத் தாயின் உடலே ஏற்கிறது. அதன்பின் உணவு, குடற்புழு மருந்து, தடுப்பூசி என்று வணிகரின் கையிலிருந்து பணம் செல்லவேண்டும். ஆகவேதான் அவர் ஐந்தாம் வாரத்திலேயே குட்டியை விற்றுவிட முனைகிறார். குட்டி சிறியதாக இருக்குமளவிற்கு வாங்குவோர் மனம் விரைவில் இளகும் என்பதையும் அவர் அறிவார்.

இதனால் குட்டிக்கு வரும் இழப்பு பெரிது. ஏறத்தாழ மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரையிலான காலமே நாயின் குணம் உருவாகும் காலம். உடன்பிறந்த குட்டிகளோடு விளையாடும்போதுதான், எவ்வளவு அழுத்திக் கடித்தால் பிறருக்கு வலிக்கும் என்பதை அது கற்கிறது. தாயிடமிருந்து முன்னதாகப் பிரிக்கப்பட்ட குட்டி பிற்காலத்தில் அச்சமும் கடிக்கும் பழக்கமும் கொள்வதற்கு இடமுண்டு.

சட்டம் கூறுவது

நம் நாட்டில் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அதன்கீழ் நாய் இனவிருத்திக்கும் விற்பனைக்குமான விதிகள் 2017ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டன. இனவிருத்தி செய்வோர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ளவேண்டும். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்றலாகாது. பதினெட்டு மாதம் நிறையாத நாயை இணைசேர்த்தலாகாது. ஓர் ஆண்டில் ஓர் ஈற்றுக்கு மேல் ஈனச் செய்தலாகாது. விற்குமுன் குட்டிக்குத் தடுப்பூசியிட்டு, அடையாளத்திற்கான மைக்ரோசிப்பும் பொருத்தவேண்டும். பொது இடத்தில் காட்சிக்கு வைத்து விற்றலாகாது. இவை அவ்விதிகளுள் தலையாயவை. விலங்குகளை விற்கும் கடைகளுக்கெனத் தனி விதிகள் 2018ஆம் ஆண்டில் வந்தன. அவற்றின்படி கடைக்கும் பதிவு வேண்டும்.

எனவே, வாங்கச் செல்பவர் கேட்கவேண்டிய முதற்கேள்வி விலை அன்று. "தங்கள் பதிவுச் சான்றிதழைக் காணலாமா?" என்பதே. நேர்மையானவர் மகிழ்ந்து காட்டுவார். மற்றவர் முகம் மாறும்.

ஏமாற்றும் வழிகளும் அறியும் முறைகளும்

ஒன்று, வயதை மிகுத்துக் கூறுதல். முப்பத்தைந்து நாட் குட்டியை அறுபது நாட் குட்டி என்பர். நாய்க்குட்டியின் பாற்பற்கள் 28. எட்டு வாரம் நிறைந்த குட்டிக்கு அவை பெரும்பாலும் முளைத்திருக்கும். முளைக்கும் நிலையிலேயே பற்கள் இருந்தால் ஐயுறவேண்டும். கால்நடை மருத்துவர் வாயைத் திறந்து பார்த்தே வயதை ஓரளவு சொல்லிவிடுவார்.

இரண்டு, பொய்யான தடுப்பூசி அட்டை. நாற்பத்தைந்து நாட் குட்டியைக் காட்டி, "எல்லா ஊசியும் போட்டாயிற்று" என்பர். அது இயலாத காரியம். தாய்ப்பாலின் வழியாகக் குட்டிக்கு வந்த எதிர்ப்பாற்றல் உடலில் இருக்கும்வரை தடுப்பூசியின் பயனை அது தடுக்கும். அவ்வாற்றல் எந்நாளில் குறையும் என்பது குட்டிக்குக் குட்டி வேறுபடுவதால், ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில், பதினாறு வாரம் ஆகும்வரை ஊசியைத் திரும்பத் திரும்ப இடுகின்றனர். வெறிநோய்த் தடுப்பூசியைப் பொதுவாக மூன்று மாதம் நிறைந்தபின் இடுவர். அட்டையில் மருந்துப் புட்டியின் ஒட்டுச்சீட்டு, இட்ட நாள், மருத்துவரின் கையொப்பம், அவருடைய பதிவு எண் ஆகியவை உள்ளனவா என்று பார்க்கவேண்டும். ஐயம் எழுந்தால் அம்மருத்துவரையே தொலைபேசியில் கேட்கலாம்.

மூன்று, "சான்றிதழ் பிறகு வரும்" என்னும் வாக்கு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய கென்னல் கிளப் வழங்கும் பதிவுச் சான்றிதழ் குட்டியின் குலவரிசையைக் காட்டுவது. நோயின்மைக்கு அது உறுதியாகாது. அந்தச் சான்றிதழையும் காட்டாமல், "அடுத்த மாதம் அஞ்சலில் அனுப்புகிறோம்" என்பவரை நம்பிப் பணம் கொடுத்தல் கூடாது. மைக்ரோசிப் பொருத்தியிருப்பதாகக் கூறினால், கருவியால் படித்துக் காட்டச் சொல்லி, அந்தப் பதினைந்து இலக்க எண் சான்றிதழிலுள்ள எண்ணோடு ஒத்திருக்கிறதா எனச் சரிபார்க்கவேண்டும்.

நான்கு, இடத்தை மறைத்தல். "தாங்கள் ஏன் சிரமப்படவேண்டும்? பேருந்து நிலையத்திற்கே கொண்டுவந்து தருகிறோம்" என்பர். இது உபசாரம் போலத் தோன்றும். உண்மையில் கூண்டுகளை நாம் காணாதிருப்பதற்கான ஏற்பாடு. சிலர் வேறொரு நல்ல நாயைக் காட்டி, அதுவே தாய் என்பர். ஈன்று இரு மாதத்திற்குள் உள்ள நாயின் முலைக்காம்புகளில் பாலூட்டிய அடையாளம் இருக்கும். குட்டிகளும் அதனை அறிந்து ஓடி ஒட்டிக்கொள்ளும். இவை இல்லையெனில் அது தாயன்று.

ஐந்து, முன்பணம். இணைய விளம்பரத்தில் அழகிய குட்டியின் படத்தை இட்டு, முதலில் பதிவுத்தொகை, பின்பு வண்டிச் சத்தம், பின்பு கூண்டுக் கூலி என்று படிப்படியாகப் பணம் பெற்று மறைந்துவிடுவோர் உளர். அவரிடம் குட்டியே இருப்பதில்லை. படம் மட்டுமே உண்டு. நேரிற் காணாத குட்டிக்கு ஒரு ரூபாயும் அனுப்பலாகாது.

ஆறு, பிறவிக்குறையை அழகெனக் காட்டுதல். முழு வெண்ணிற ராஜபாளையம் குட்டிகளுள் சில செவிடாய்ப் பிறப்பதுண்டு. குட்டி காணாதவாறு அதன் பின்னின்று கைதட்டி, அது திரும்புகிறதா என்று பார்க்கவேண்டும். பக் போன்ற தட்டை முகமுடைய நாய்கள் மூச்சுவிட இடர்ப்படுவது வழக்கம். குறட்டை போன்ற அந்த ஒலியை "இந்த இனத்தின் அழகே அதுதான்" எனக் கூறி விற்பர்.

முதற் பத்து நாள்

தீய வணிகரிடம் வாங்கிய குட்டி வீட்டிற்கு வந்த சில நாட்களிலேயே நோயுறுவதைப் பலர் கண்டிருப்பர். அதற்குக் காரணம் உண்டு. பார்வோ என்னும் நச்சுயிரி உடலிற் புகுந்து மூன்று முதல் ஏழு நாள் வரையிலும், சிலபோது இரு வாரம் வரையிலும், வெளியில் தெரியாமல் இருக்கும். பின்னர் வாந்தியும் குருதி கலந்த கழிச்சலும் தோன்றும். உடனே மருத்துவம் செய்யாவிடின் குட்டி பிழைப்பது அரிது. விற்கும் நாளில் துள்ளி விளையாடிய குட்டி என்பதால், "தங்கள் வீட்டில்தான் நோய் வந்தது" என்று வணிகர் கைவிரிப்பார்.

இதற்கு மாற்று, வாங்கும் அன்றோ மறுநாளோ குட்டியைக் கால்நடை மருத்துவரிடம் காட்டி, அவர் கண்டதை எழுதிவாங்குதல். குறிப்பிட்ட நாட்களுக்குள் நோய் தோன்றின் பொறுப்பேற்பதாக வணிகரிடமிருந்தும் எழுத்தில் பெறவேண்டும். பெயர், முகவரி, நாள், தொகை ஆகியவை அடங்கிய பற்றுச்சீட்டு இன்றியமையாதது. பார்வோ நச்சுயிரி மண்ணிலும் தரையிலும் பல மாதங்கள் அழியாதிருக்கும். ஆதலின், ஒரு குட்டி அந்நோயால் இறந்த வீட்டிற்குத் தடுப்பூசி முற்றுப்பெறாத மற்றொரு குட்டியை உடனே கொண்டுவருதல் தகாது.

இரக்கமே விலையாகும்போது

இனி இப்பாடத்தின் கடினமான பகுதிக்கு வருவோம். ஒரு குடும்பத்தார் குட்டி வாங்கச் செல்கின்றனர் என்று வைத்துக்கொள்வோம். கூண்டின் மூலையில் மெலிந்த குட்டி ஒன்று நடுங்கிக்கொண்டிருக்கிறது. சான்றிதழ் இல்லை, தாயைக் காட்டவில்லை, எல்லாம் தவறென்று தந்தைக்குத் தெரிகிறது. ஆயினும் மகள், "இதை இங்கே விட்டுப் போனால் செத்துவிடும், அப்பா, வாங்கிக் காப்பாற்றுவோம்" என்கிறாள். வணிகரும் விலையைச் சற்றுக் குறைக்கிறார். அவர்கள் வாங்கிவிடுகின்றனர்.

அக்குழந்தையின் இரக்கம் மெய்யானது. ஆனால் அவ்வணிகர் விற்றது எதனை? குட்டியை மட்டுமன்று, அந்த இரக்கத்தையும் அவர் விலையாக்கினார். நோயுற்ற குட்டியும் விலைபோகும் என்று அவர் கற்றுக்கொண்டார். கூண்டு வெறுமையாயிற்று, அதனை நிரப்பத் தாய் நாய் அடுத்த பருவத்தில் மீண்டும் இணைசேர்க்கப்படும். ஒரு குட்டியைக் காத்த பணம், கண்ணிற்படாத தாயின் சிறையை நீட்டித்தது.

கட்டுதல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல் என்னும் ஐந்தும் கொல்லாமை அணுவிரதத்திற்கு மாசென நாம் இளமையிலேயே கற்றவர்கள். இடையறாத கூண்டு வாழ்வும், அழகிற்காக வாலையும் செவியையும் அறுத்தலும், தேறாத உடலில் மீண்டும் கருவைச் சுமத்தலும் இவ்வைந்தினின்றும் வேறானவை அல்ல. செய்தல், செய்வித்தல், செய்வாருக்கு உடன்படுதல் என்னும் மூன்றனுள், விலைகொடுப்பவர் எதில் நிற்கிறார் என்பதை ஒவ்வொருவரும் தமக்குள் கேட்டுக்கொள்ளவேண்டும்.

"அப்படியாயின் அந்தக் குட்டியைச் சாக விடுவதா?" என்று வினவலாம். இவ்வினாவை எளிதாகத் தள்ளிவிட இயலாது. விலையின்றி ஒப்படைத்தால் பெற்றுக்கொண்டு மருத்துவரிடம் விரையலாம். அதற்கு உடன்படாவிடில், கண்டதைக் குறித்துக்கொண்டு, அன்றே முறையிடவேண்டும். முறையீடு பயன்தருமுன் அக்குட்டி இறந்துபோகவும் கூடும். அந்தத் துயரம் நமக்கு உண்டு. அதனை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. ஆனால் பணத்தைக் கொடுத்து நாம் பெறும் ஆறுதலின் விலையை வேறொரு நாய் தன் உடலால் செலுத்துகிறது என்பதையும் மறத்தலாகாது.

முறையிடும் வழி

பதிவின்றியும் கொடுமையாகவும் இனவிருத்தி செய்வோரைப் பற்றித் தமிழ்நாடு விலங்குகள் நல வாரியத்திற்கும் கால்நடை பராமரிப்புத் துறைக்கும் எழுதலாம். காவல் நிலையத்திலும் முறையிடலாம். பணம் கொடுத்து ஏமாந்தவர், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி, இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகலாம். ஐந்து இலட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்குக் கட்டணம் இல்லை. அறிவுரைக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இணையவழி முன்பணம் கொடுத்து இழந்தவர் தாமதியாமல் 1930 என்னும் எண்ணிற்குத் தெரிவிக்கவேண்டும். விரைந்து சொன்னால் பணத்தை வங்கியிலேயே நிறுத்திவைக்க வாய்ப்புண்டு. இவை அனைத்திற்கும் பற்றுச்சீட்டு, செய்திப் பரிமாற்றம், மருத்துவர் குறிப்பு ஆகியவையே சான்று. வாய்ச்சண்டையால் பயனில்லை, எழுத்தே நிற்கும்.

1960ஆம் ஆண்டுச் சட்டம் கொடுமையின் முதற்குற்றத்திற்கு விதித்த தண்டம் ஐம்பது ரூபாய்க்கு மேற்படாதது. ஒரு குட்டியின் விலையோடு அதனை ஒப்பிட்டால், தண்டத்திற்கு அஞ்சி எவரும் திருந்தார் என்பது விளங்கும். வாங்குவோர் கைமூடினாலன்றி இவ்வணிகம் நில்லாது.

நாய்த் துணை வேண்டுமென்னும் விருப்பம் தூயதாயின், அதற்கு விலை தேவையில்லை. தெருவில் பிறந்த நாட்டுக் குட்டிகளையும் கைவிடப்பட்ட நாய்களையும் பேணி, தடுப்பூசியிட்டு, வளர்ப்பாரிடம் ஒப்படைக்கும் காப்பகங்கள் பெருநகரங்களில் உள்ளன. நம் வெயிலுக்குப் பழகிய உடல் அவற்றினுடையது. இனம் குறித்தே வேண்டுவோர், தாயைக் காட்டுபவரிடம், எட்டு வாரம் பொறுத்திருந்து பெறுக.

இல்லத்தில் அனைவரும் கூடிச் சிந்திக்கச் சில வினாக்கள்:

1. எட்டு வாரத்திற்கு முன் குட்டியைப் பிரிப்பதால் தாய்க்கும் குட்டிக்கும் நேரும் இழப்புகள் யாவை?

2. நாற்பத்தைந்து நாட் குட்டிக்கு எல்லா ஊசியும் முடிந்தது என்னும் கூற்று ஏன் பொய்யாகும்?

3. மேலே கூறிய மகளுக்கு, அவளுடைய இரக்கம் வாடாதவாறு, தந்தை என்ன விடை கூறியிருக்கலாம்?

மூன்றாம் வினாவைப் பிள்ளைகளிடமே முதலில் கேளுங்கள்.