நீராவி எஞ்சினின் எண்ணெய்க் குழாய்கள்: மாதிரியுரு செய்வோர்க்கு

கொட்டியாரக் குடாவின் தென்கரையிலுள்ள சம்பூருக்கு இருப்புப்பாதை கிடையாது; கல் ஓயாவிலிருந்து 1927 இல் வந்த பாதை அக்கரையில், திருகோணமலையோடு நின்றுவிட்டது. ஆயினும் புகையிரத எஞ்சினைச் சிற்றளவிற் செய்துபார்க்கும் ஆர்வத்துக்குக் கடல் தடையன்று. சில்லும் கொதிகலமும் திருத்தமாய் அமைத்தோரும் தவறவிடும் எண்ணெய்க் குழாய்களை இங்கு நோக்குவாம். இரண்டொரு செப்புக் கம்பிகளை அழகுக்காக வளைத்து ஒட்டுதல் போதாது. ஒவ்வொரு குழாய்க்கும் புறப்படும் இடமும் சேரும் இடமும் உண்டு. அவற்றை அறியாதவன் குழாயை எங்ஙனம் வளைப்பான்?

உருளையினுள் நீராவியின் அமுக்கத்தை எதிர்த்தே எண்ணெயைச் செலுத்தல் வேண்டும். இதற்கு வழி இரண்டு. முதலாவது, சாரதியின் கண்முன் நிற்கும் சொட்டுக்காட்டிக் கருவி. கொதிகலத்து ஆவி குளிர்ந்து நீராகி எண்ணெய்க் கலத்தின் அடியிற் சேரும். எண்ணெய் நீரினும் இலேசானதாகலின் மேலே தள்ளப்பட்டு, நீர் நிறைந்த கண்ணாடிக் குழலினூடு சொட்டுச் சொட்டாய் எழும். சாரதி சொட்டுகளை எண்ணித் திருகாணியைத் திருத்துவான். இதன் குழாய்கள் சாரதி அறையிலிருந்தே புறப்பட்டு முன்னோக்கிச் செல்லும்.

இரண்டாவது, நடைபலகைமேற் பெட்டிபோல் அமர்ந்திருக்கும் பொறிமுறை எண்ணெயூட்டி. வால்வுப் பொறியின் அசைவு ஒரு நெம்பு வழியாகப் பற்சில்லைச் சிறிது சிறிதாய்த் திருப்ப, உள்ளிருக்கும் நுண்பம்பிகள் தத்தம் குழாயில் எண்ணெயை அழுத்தும். எஞ்சின் நின்றால் எண்ணெயும் நிற்கும். பெட்டியை வைத்து நெம்பை விட்டுவிடுதல், கயிறில்லாப் பொம்மையை ஆடச் சொல்வது போலாம்.

அச்சுப்பெட்டி சட்டத்தினுள் ஏறியிறங்குமாதலின், அதற்குச் செல்லும் குழாயின் இறுதிப் பகுதி நெகிழ்வானது. விறைத்த கம்பியை நேரே முட்டவைத்தல் பொருந்தாது. இணைப்புத் தண்டுகளுக்கோ குழாயே இல்லை. அவற்றின் தலையிலுள்ள சிறு கிண்ணங்களை எண்ணெய்க் குப்பியால் நிரப்புவர்.

இனித் தடிப்பு. நம் பாதையின் அகலம் 1676 மி.மீ.; 76இல் ஒரு பங்காக்கினால் 22 மி.மீ. அவ்வளவில் 10 மி.மீ. குழாய் 0.13 மி.மீ. ஆகும். பழுதான சிறு மோட்டாரின் சுருட்கம்பி இதற்கு உகந்தது. இரு முனையையும் பற்றி மெல்ல இழுத்தால் அது நேராகிவிடும். 0.5 மி.மீ. கம்பி 38 மி.மீ. நீராவிக் குழாய்க்கே பொருந்தும். அதனை எண்ணெய்க் குழாயாக ஒட்டிய எஞ்சின் நரம்பு புடைத்த நோயாளிபோல் தோன்றும்.

எஞ்சினுக்கு எஞ்சின் ஏற்பாடு மாறும். வகுப்பின் பெயரைக்கொண்டு ஊகித்தல் வேண்டா. பி-1 வகுப்பின் 251ஆம் இலக்க எஞ்சின், ‘சேர் தோமஸ் மெயிற்லண்ட்’, பேணப்பட்டுள்ளது. அதனைக் காண வாய்த்தோர் இருபுறத்தையும் தனித்தனியே படமெடுத்துக்கொள்க. இடப்புறத்துக் குழாய் வலப்புறத்தில் இராது போகலாம்.